கெராசிம் கண்களை மூடியது ஏன்?

"ஊமை கண்ட கனவு" என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் தொடர். அனுபவம் உண்டு, ஆனால் அதனை எடுத்துரைக்க வழியில்லை என்பது அதன் கருத்து. "செவிடன் காதில் ஊதிய சங்கு" என்பது இன்னொன்று. முன்னது சொல்ல இயலாமைக்கும் பின்னது கேட்பிக்க இயலாமைக்கும் உவமையாயின. இவ்விரு தொடர்களையும் ஆக்கியவர்கள் காது கேட்டவர்கள், வாய் பேசியவர்கள் என்பதை எடுத்துக்கூற வேண்டியதில்லை. அந்த 'ஊமை' தான் கண்ட கனவைத் தன்னையொத்த இன்னொருவனுக்குக் கைகளாலும் முகத்தாலும் கூறியிருக்கலாம். அவனும் அதனைக் கண்ணால் வாங்கி விழுந்து விழுந்து சிரித்திருக்கலாம். அந்த எண்ணம் பழமொழி படைத்தவர்க்கு எழவில்லை.

பழமொழியின் நிலை இதுவென்றால் இலக்கியத்தின் நிலை யாது? உலக இலக்கியத்திற் காது கேளாதோர் அடிக்கடி வருகின்றனர். ஆனால் அவர்கள் மனிதராக வருவதிலும் பார்க்கக் குறியீடாக வருவதே அதிகம். தனிமைக்கு ஒரு குறியீடு, அடக்கப்பட்ட மக்களின் வாயின்மைக்கு ஒரு குறியீடு, சில வேளைகளிற் கடவுளின் மௌனத்துக்கே ஒரு குறியீடு. அவர்கள் உலகத்தை எவ்வாறு பார்க்கின்றனர், அவர்களது அவதானம் எங்கே செல்கிறது, எதனைக்கொண்டு சிந்திக்கின்றனர் என்னும் வினாக்களை எழுப்பிய எழுத்தாளர் மிகச் சிலரே. எழுப்பிய விமர்சகரோ அவரினும் சிலர். யதார்த்தத்தை இலக்கியத்தின் உரைகல்லாகக் கொள்ளும் நாம் இக்குறையை நம்முடையதாகவே ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரு மகத்தான யதார்த்தவாதியின் சிறுகதையை இவ்வினாக்களுடன் மீண்டும் படித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவான் துர்கனேவ் எழுதிய 'முமு' என்னும் கதையை நம் வாசகர் பலர் அறிவர். 1852ஆம் ஆண்டிற் கோகோல் மறைந்தபோது அவரைப் போற்றி இரங்கற் கட்டுரை வெளியிட்டமைக்காக ஸார் ஆட்சி துர்கனேவைக் காவலில் வைத்தது. அக்காவலிலிருந்தபோதே இக்கதையை அவர் எழுதினார். 1854இல் 'சொவ்ரெமென்னிக்' என்ற சஞ்சிகையில் அது வெளியாயிற்று. கதையில் வரும் எசமானிக்கு ஆசிரியரின் சொந்தத் தாயே மாதிரியாயிருந்தாள். அவளது உடைமையாயிருந்த அந்திரேய் என்னும் வாய்பேசாப் பண்ணையடிமையே கதாநாயகனான கெராசிமுக்கு மாதிரியாயினான்.

கதை எளிமையானது. பிறவியிலேயே காது கேளாத கெராசிம் கிராமத்து மண்ணில் நால்வர் வேலையைத் தனியொருவனாகச் செய்துவந்த பேருருவினன். அவனை மொஸ்கோ நகரிலுள்ள தன் வீட்டுக்குக் கொணர்வித்து, முற்றம் கூட்டவும் விறகு பிளக்கவும் தண்ணீர் அள்ளவும் இரவிற் காவல் காக்கவும் வைக்கிறாள் எசமானி. அங்கே தத்தியானா என்ற சலவைப் பெண்மீது அவனுக்கு அன்பு பிறக்கிறது. எசமானியோ தன் மனம்போன போக்கில் அவளை ஒரு குடிகாரச் சப்பாத்துத் தொழிலாளிக்குக் கட்டிவைக்கிறாள். பின்னர் ஆற்றுச் சேற்றில் உயிருக்குப் போராடிய நாய்க்குட்டியொன்றை எடுத்து வளர்க்கிறான் கெராசிம். அவன் வாயிலிருந்து எழக்கூடிய ஒலியே அதற்குப் பெயராகிறது: முமு. அந்த நாயும் எசமானியின் கண்ணில் உறுத்துகிறது. அதனை ஒழிக்கும்படி கட்டளை பிறக்கிறது. தன் கையாலேயே அதனை ஆற்றில் அமிழ்த்திவிட்டு, எவரிடமும் விடைபெறாது கிராமத்தை நோக்கி நடந்துவிடுகிறான் கெராசிம்.

வாயற்ற கெராசிம் வாயடைக்கப்பட்ட ரஷ்யக் குடியானவ மக்களின் வடிவம் என்று இக்கதை வெளிவந்த காலந்தொட்டே விளக்கம் கூறி வந்துள்ளனர். அவ்விளக்கம் தவறன்று. பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்ட 1861ஆம் ஆண்டுக்கு முன்னர் அம்முறைமீது விழுந்த வலிய அடிகளுள் இக்கதையும் ஒன்று. ஆனால் இவ்விளக்கத்தோடு நின்றுவிடுவோமாயின் ஒரு விந்தையான முடிவுக்கு வந்து சேர்வோம். கெராசிமின் செவிட்டுத்தன்மை வெறும் உருவகமாகிவிடும். பண்ணையடிமை முறை போனதும் உருவகத்தின் தேவையும் போய்விடும். காது கேளாத மனிதனோ அப்போதும் முற்றத்தில் நின்றுகொண்டிருப்பான். அவனைப் பற்றிக் கதை என்ன கூறுகிறது?

கதையை நுணுகிப் படிப்போர்க்கு மூன்று இடங்கள் தட்டுப்படும். தத்தியானாவைக் கெராசிமிடமிருந்து பிரிப்பதற்கு வீட்டுக் காரியஸ்தன் ஓர் உபாயம் செய்கிறான். கெராசிமுக்குக் குடிகாரரைக் கண்டால் ஆகாது. ஆகவே தத்தியானாவை வெறிகொண்டவள்போலத் தள்ளாடி அவன்முன் நடக்கச் செய்கிறார்கள். ஒருவருக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த வீட்டார் அனைவரும் ஓர் உண்மையை நன்கறிந்திருந்தனர்: இவன் கண்ணால் வாழ்பவன், ஆகவே இவனை ஏமாற்றுவதாயின் கண்ணை ஏமாற்ற வேண்டும். வேறொரு மனிதனுக்கு வதந்தி ஒன்று போதும். இவனுக்கு ஒரு நாடகமே நடத்த வேண்டியிருந்தது.

இரண்டாவது இடம் முமுவை ஒளித்துவைக்கும் இடம். திருடி விற்கப்பட்ட நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு திரும்பி வருகிறது. கெராசிம் அதனைத் தன் அறையில் அடைத்துவைக்கிறான். கதவிலுள்ள துவாரத்தைப் பழைய மேலங்கியால் அடைக்கிறான். கண்ணுக்குப் புலப்படக்கூடிய வழிகளையெல்லாம் மிகுந்த கவனத்துடன் மூடுகிறான். நாயின் முனகல் சுவரைக் கடந்து சென்று அதனைக் காட்டிக்கொடுக்கும் என்பது அவன் எண்ணத்துக்கு எட்டவில்லை. வீட்டார் அனைவருக்கும் செய்தி தெரிந்துவிட்டதை அவன் மட்டும் அறியான். மூன்றாவது இடத்திற் காரியஸ்தன் ஆட்களோடு வந்து கதவைத் தட்டி, நாயை ஒழிக்கவேண்டுமென்று சைகை காட்டுகிறான். கெராசிம் தன் கழுத்தைச் சுருக்கிட்டு இறுக்குவதுபோற் காட்டி, மார்பில் அடித்து, அப்பொறுப்பைத் தானே ஏற்பதாக உறுதி கூறுகிறான்.

குறியீட்டுக்காக மட்டும் எழுதியவன் இவ்விடங்களை எழுதியிரான். உண்மையான ஒரு மனிதனை நெடுநாள் கவனித்தவனே இவ்வாறு எழுதியிருக்க முடியும். அந்தக் கவனிப்பில் எவ்வளவு உண்மையிருந்தது என்பதை அளந்தறிய இன்று நம்மிடம் ஆய்வுகள் உள்ளன.

ஒரு புலன் போனால் மற்றப் புலன் கூர்மையாகும் என்பது பொதுவான நம்பிக்கை. இயற்கையோ இறைவனோ ஒரு கையால் எடுத்ததை மறு கையால் ஈடுசெய்வதாக எண்ணுவது கேட்போர் மனத்துக்கு ஆறுதல் அளிக்கிறது. ஆய்வுகள் இந்த ஆறுதலை அப்படியே உறுதிசெய்யவில்லை. வெளிச்ச வேறுபாட்டை உணர்தல் போன்ற அடிப்படைப் பார்வைத் திறன்களிற் காது கேளாதோர்க்கும் கேட்போர்க்கும் பொதுவாக வேறுபாடு காணப்படுவதில்லை. மாறுவது கண்ணின் கூர்மையன்று, அவதானத்தின் பங்கீடு. 1987இல் அமெரிக்காவில் ஹெலன் நெவில், டொனால்ட் லோசன் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வுகள் இத்துறையில் முதன்மையானவை. பார்வைப் பரப்பின் நடுவிலும் ஓரத்திலும் தோன்றும் அசைவின் திசையைக் கூறும்படி கேட்டு, அவ்வேளையில் மூளையில் எழும் மின் அலைகளையும் அவர்கள் பதிவு செய்தனர். நடுப்பகுதியில் இரு சாராரும் ஒத்திருந்தனர். ஓரப்பகுதியிலோ பிறவியிலேயே காது கேளாதோர் விரைவாகவும் சரியாகவும் விடையளித்தனர், அவர்களது மூளையின் மறுமொழியும் பெரிதாயிருந்தது.

இதன் காரணம் வாழ்க்கையிலேயே உள்ளது. காது கேட்பவனுக்கு முதுகுப்புறத்திலும் ஒரு காவலாளி உண்டு. கதவு திறக்கும் ஓசை, காலடி, தூரத்து வண்டி யாவற்றையும் காது அறிவிக்கிறது, கண் தன் வேலையைத் தொடர்கிறது. அந்தக் காவலாளி இல்லாத இடத்திற் கண்ணே இரு வேலைகளையும் செய்ய வேண்டும். நேரே பார்த்துக்கொண்டே ஓரத்தையும் காவல் காக்க வேண்டும். பிறவிச் செவிட்டுப் பூனைகளைக்கொண்டு ஸ்டீவன் லோம்பரும் அவரது குழுவினரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு இதனை மேலும் தெளிவாக்கியது. சோதிக்கப்பட்ட பல பார்வைத் திறன்களுள் ஓரத்திலுள்ள பொருளின் இடத்தை அறிதலும் அசைவை உணர்தலும் மட்டுமே மேம்பட்டிருந்தன. கேட்டற்குரிய மூளைப்பகுதிகளைக் குளிரூட்டிச் செயலிழக்கச் செய்தபோது அம்மேம்பாடு மறைந்துவிட்டது. அதாவது, ஒலி வராத அறையை மூளை பூட்டிவைக்கவில்லை, பார்வைக்கு அதனைக் குடியிருக்கக் கொடுத்துவிட்டது.

இம்மாற்றத்துக்கு ஒரு விலையும் உண்டு. ஓரத்திற் கவனத்தை ஈர்க்கும் பொருள்களை வைத்துச் சோதித்தபோது காது கேளாதோரை அவையே அதிகம் திசைதிருப்பின. கேட்போரையோ நடுவில் வைக்கப்பட்டவை திசைதிருப்பின. வகுப்பிற் கதவோரத்தில் நிழலசைந்தாலும் திரும்பிப் பார்க்கும் காது கேளாப் பிள்ளையை 'கவனமற்றவன்' என்று குறித்துவைக்கும் ஆசிரியர் இதனைச் சிந்திக்க வேண்டும். அவனிடம் அவதானம் குறையவில்லை. அது வேறுவிதமாகப் பங்கிடப்பட்டுள்ளது. டாப்னி பவேலியே, மத்தியூ டை, பீற்றர் ஹவுசர் ஆகியோரின் 2009ஆம் ஆண்டு ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. ஏழு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளில் இவ்வேறுபாடு புலப்படவில்லை, பதினோரு வயதளவிலேயே அது வெளிப்பட்டது. இத்திறன் பிறப்போடு வந்த வரமன்று என்பதும், ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து ஈட்டிய உழைப்பின் பயன் என்பதும் இதனாற் பெறப்படும். புலன்கள் இயற்கையால் மட்டும் ஆனவையல்ல, வரலாறே அவற்றை உருவாக்குகிறது என்று இளமைக்கால மார்க்ஸ் 1844இல் எழுதிய கையேடுகளில் விளக்கிய கருத்துக்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

ஆனால் இங்கே ஒரு முக்கியமான பிரிவினையைச் செய்துகொள்ள வேண்டும். இதுவரை கூறியவை காது கேளாமையின் விளைவுகள். சைகை மொழியின் விளைவுகள் வேறு. இரண்டையும் பிரித்தறிய உதவியவர்கள், காது கேளாப் பெற்றோருக்குப் பிறந்து, தாமோ காது கேட்பவராயிருந்து, சைகை மொழியைத் தாய்மொழியாகக் கற்றவர்கள். நெவிலும் லோசனும் அவர்களையும் சோதித்தனர். ஓரப் பார்வையில் அவர்களுக்குச் சிறப்பு இருக்கவில்லை. ஆனால் அசைவை ஆராய்வதில் அவர்களும், காது கேளாதோரைப் போலவே, மூளையின் இடப்பாதியை அதிகம் பயன்படுத்தினர். மொழிக்குரிய பாதி அதுவே. கைகளின் அசைவு அவர்களுக்கு வெறும் அசைவாகத் தோன்றவில்லை, சொல்லாகத் தோன்றியது. மனத்தில் ஓர் உருவத்தை விரைந்து தோற்றுவித்தல், உருவொன்றையும் அதன் கண்ணாடிப் பிம்பத்தையும் வேறு பிரித்தறிதல் ஆகியவற்றிற் சைகை மொழியாளர், காது கேட்பினும் கேளாவிடினும், மேம்பட்டிருந்ததை கரென் எம்மொரி முதலியோர் 1993இற் காட்டினர். முகங்களின் நுண்ணிய வேறுபாட்டைக் காண்பதிலும் அவ்வாறே. சைகை மொழியில் முகம் அலங்காரமன்று, இலக்கணம்; புருவத்தின் உயர்வு ஒரு வாக்கியத்தை வினாவாக்கிவிடும். வெளியின் இடமும் இலக்கணமே. யார் யாரிடம் கொடுத்தார் என்பதைக் கை செல்லும் வழியே சொல்லிவிடும். மூளையின் இடப்பாதி சேதமுற்ற சைகை மொழியாளர், பேசுவோர் பேச்சை இழப்பதுபோலவே, தம் மொழியை இழக்கின்றனர் என்பதையும் 1980களின் ஆய்வுகள் நிறுவின. அமெரிக்கச் சைகை மொழிக்குச் சொல்லமைப்பும் விதிகளும் உண்டென்பதை வில்லியம் ஸ்டோக்கோ 1960இலேயே எழுதியிருந்தார்.

இந்த வெளிச்சத்திற் கெராசிமின் முற்றத்துக்குத் திரும்புவோம். அங்கே அவனுக்குச் சைகைகள் இருந்தன, மொழி இருந்ததா? முற்றத்தார் அவனோடு பழகக் கற்றுக்கொண்ட சைகைகள் எவை? கூட்டு, கொண்டுவா, எசமானி அழைக்கிறாள், நாயைக் கொல். கட்டளைக்குப் போதுமானவை, உறுதிமொழிக்கும் போதுமானவை. "ஏன்?" என்று கேட்பதற்கு அவற்றில் வழியில்லை. தத்தியானாவிடம் தன் நெஞ்சைத் திறப்பதற்கும் வழியில்லை. ஆண்டானுக்கும் அடிமைக்கும் இடையில் வேலையை நடத்த எவ்வளவு தேவையோ அவ்வளவே வளரவிடப்பட்ட சைகை அது. எசமானியோ அந்தச் சைகையைக்கூட அவனோடு நேரிற் பகிர்ந்துகொள்ளவில்லை. அவளது விருப்பம் காரியஸ்தன் கைவழியாகவே அவனை அடைகிறது. ரஷ்யாவிற் காது கேளாதோருக்கான பாடசாலை 1806இலேயே பாவ்லொவ்ஸ்க்கில் தொடங்கப்பட்டிருந்தது. ஆனால் கெராசிமைக் கற்பிக்கலாம் என்ற நினைப்பு கதையில் எவருக்கும் எழுவதில்லை. உழைப்பதற்கு அவனது உடல் போதுமானதாயிருந்தது.

கெராசிமுக்குக் கிட்டாதது எது என்பதை ஒரு பிரெஞ்சுத் தொழிலாளியின் வாழ்வு காட்டுகிறது. பியேர் டெலோஜ் பாரிஸ் நகரத்துப் புத்தகக் கட்டுநர். ஏழு வயதில் அம்மை நோயாற் கேள்வியை இழந்தவர். காது கேளாத பிறருடன் கூடிய பின்னரே, இருபத்தேழாம் வயதில், முழுமையான சைகை மொழியைக் கற்றார். 1779இல் அவர் வெளியிட்ட நூல், காது கேளாத ஒருவரே அம்மொழியைக் காத்து எழுதியது. பாரிஸிலுள்ள தம் தோழர், எழுதப் படிக்கத் தெரியாதவரும்கூட, உலக விடயங்களையெல்லாம் தம் கைகளால் விவாதிப்பதை அவர் அதில் எடுத்துரைத்தார். கெராசிமை விடக் கல்வியிற் பெரிதும் உயர்ந்தவர்களல்லர் அத்தொழிலாளர். அவர்களுக்கு ஒருவர் மற்றவர் இருந்தார். கெராசிமுக்கு ஒரு நாய் இருந்தது.

ஆகவே கெராசிமின் துயரம் அவனது காதில் இல்லை. காது கேளாமை அவன் அவதானத்தை மாற்றியது, மனத்தைக் குறைக்கவில்லை. குறைவு வந்தது மொழிச் சமூகம் மறுக்கப்பட்டதால். இது கதைக்கு மட்டும் உரிய உண்மையன்று. 1880இல் மிலான் நகரிற் கூடிய கல்வியாளர் மாநாடு, காது கேளாப் பிள்ளைகளின் கல்வியிற் சைகை மொழியை விலக்கி வாய்ப்பேச்சையே புகுத்த வேண்டுமெனத் தீர்மானித்தது. அங்கு வாக்களித்தோருள் காது கேளாதோர் இல்லை என்னும்படியே இருந்தனர். அதன்பின் பல நாடுகளிற் சைகை ஆசிரியர்கள் வெளியேற்றப்பட்டனர், பிள்ளைகளின் கைகள் கட்டப்பட்டன. உதடுகளைப் பார்த்து ஊகிக்கும் வித்தையிற் பள்ளிப் பருவம் கழிந்தது. அம்முடிவுக்கு அதே வரிசை மாநாடு 2010இல் வான்கூவரில் வருத்தம் தெரிவித்தது. நூற்றுமுப்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. இரக்கத்தின் பெயரால் நடந்த இந்த மறுப்பைக் கொடுமை என்று எவரும் அப்போது அழைக்கவில்லை.

எதிர்ப்புறத்து உதாரணம் நிக்கராகுவாவிலிருந்து வருகிறது. 1977இல் மனாகுவாவிற் காது கேளாதோருக்கெனச் சிறப்புப் பாடசாலையொன்று தொடங்கப்பட்டது. 1979ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னர் இக்கல்வி விரிவடைந்து நூற்றுக்கணக்கான பிள்ளைகள் முதன்முறையாக ஓரிடத்திற் கூடினர. ஆசிரியர்கள் ஸ்பானிய மொழியை உதட்டசைவால் கற்பிக்க முயன்று பெரிதும் தோற்றனர். ஆனால் விளையாட்டு முற்றத்திலும் பஸ்ஸிலும் பிள்ளைகள் தாமே ஒரு மொழியை ஆக்கிக்கொண்டனர். பின்வந்த சிறுவர் கையில் அது இலக்கணம் பெற்று வளர்ந்தது. அதே மொழியின் முதல் தலைமுறையினரையும் அடுத்தவரையும் பெரியவரான பின் ஒப்பிட்ட 2010ஆம் ஆண்டு ஆய்வொன்று வியப்புக்குரியது. இட-வலத்தைச் சீராகக் குறிக்கும் வழக்கு முதல் தலைமுறையின் மொழியில் உறுதிப்படவில்லை. ஒளித்துவைத்த பொருளை இடக்குறிப்பால் தேடியெடுக்கும் சோதனைகளில் இளையவர் மூத்தவரை வென்றனர். கண் ஒன்றே, செவிட்டுத்தன்மை ஒன்றே. வளமான மொழி கிடைத்தவர் வெளியையும் தெளிவாக நினைவிற் கொண்டனர். புரட்சி அம்மொழியைக் கொடுக்கவில்லை என்பதை நாம் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். அது பிள்ளைகளை ஒன்றுசேர்த்தது. எஞ்சியதைப் பிள்ளைகள் செய்தனர்.

முற்போக்காளர் என்று நம்மைக் கூறிக்கொள்ளும் நாமும் இவ்விடயத்திற் கறையற்றவரல்லேம். 1950இல் மொழியியல் பற்றி எழுதிய பதிலொன்றில் ஸ்டாலின், காது கேளாதோர் மொழியற்றவர் என்றும், அவர்களது சிந்தனை பார்வை முதலிய புலன்களால் வரும் பிம்பங்களில் மட்டுமே இயங்குவது என்றும் தீர்ப்பளித்தார். சைகையையும் சொல்லையும் மர மண்வெட்டிக்கும் டிராக்டருக்கும் ஒப்பிட்டார். காது கேளாதோர் ஒருவருடனேனும் உரையாடிப் பெற்ற முடிவன்று அது. அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, வாய்ப்பேச்சுக் கல்வியை முதலில் ஆதரித்த சோவியத் உளவியலாளர் வைகொட்ஸ்கி, உடற்குறையிலும் அதனாற் சமூக வாழ்விலிருந்து விலக்கப்படுவதே பெரும் கேடு என்று வலியுறுத்தி, சைகையும் உண்மை மொழியே என ஏற்கும் நிலைக்கு வந்திருந்தார். 1934இல் அவர் இறந்தார். உண்மையைத் தேடிச் சென்றவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார், அதிகாரத்திலிருந்தவர் தேடாமலே முடிவு கூறினார்.

இலக்கியத்திலும் இதே காட்சியைக் காணலாம். அமெரிக்க எழுத்தாளர் கார்ஸன் மக்கலர்ஸ் 1940இல் வெளியிட்ட 'இதயம் ஒரு தனிமை வேட்டைக்காரன்' என்ற நாவலின் நடுநாயகம் சிங்கர் என்னும் காது கேளாதவன். உணவகக்காரன், சிறுமி, புரட்சி பேசித் திரியும் தொழிலாளி, மார்க்ஸியம் கற்ற கறுப்பின வைத்தியர் ஆகிய நால்வரும் அவன் அறைக்கு வந்து தம் உள்ளத்தைக் கொட்டுகின்றனர். தம்மை முழுதும் விளங்கிக்கொள்பவன் அவனே என நம்புகின்றனர். ஆனால் அவனது கைகளின் மொழியைக் கற்க ஒருவரும் முயல்வதில்லை, ஒடுக்கப்பட்டோர்க்காக உயிரைக் கொடுக்கவும் துணிந்த அவ்விருவர் உட்பட. தன் மொழியறிந்த ஒரே நண்பன் இறந்ததும் சிங்கர் தன்னுயிரை மாய்த்துக்கொள்கிறான். ஆசிரியை இதனை முழுதும் எண்ணியே அமைத்தாரா என்பது விவாதத்துக்குரியது. ஆனால் மக்களுக்காகப் பேசுவோர் மக்களின் மொழியைக் கற்காதிருத்தல் என்னும் நமது பழைய நோயை இதைவிடக் கூர்மையாகக் காட்டிய பக்கங்கள் சிலவே.

இப்போது 'முமு' கதையின் உச்சக் கட்டத்துக்கு வருவோம். படகின் நடுவில் நின்று, செங்கல் கட்டிய கயிற்றை நாயின் கழுத்திலிட்டு, அதனைத் தூக்கிப் பிடித்தபடி கடைசியாக ஒருமுறை பார்க்கிறான் கெராசிம். அது அச்சமின்றி வாலையாட்டுகிறது. அவன் முகத்தைத் திருப்பி, கண்களை இறுக மூடி, கைகளை விரிக்கிறான். அவன் எதனையும் கேட்கவில்லை என்கிறார் ஆசிரியர்; நாயின் ஓலத்தையும் கேட்கவில்லை, நீரின் ஓசையையும் கேட்கவில்லை. நமக்கு மிக அமைதியான இரவிலும் இல்லாத நிசப்தம் அவனுக்கு ஆரவாரமான பகலிலும் உண்டு என்று தொடர்கிறார். ஏறத்தாழ எல்லா வாசகரும் இவ்விடத்திற் கண்கலங்குவது அந்த நிசப்தத்தை எண்ணியே.

ஆனால் அந்த நிசப்தம் யாருடையது? கெராசிம் பிறந்ததிலிருந்து ஓசையைக் கேட்டறியாதவன். இல்லாத ஒன்றின் இன்மையை அவன் உணர்வதெங்ஙனம்? ஓசையை எதிர்பார்த்து அது வாராததைக் கண்டு நடுங்குபவர் நாமே. கேட்போரின் காது கெராசிமின் தலையிற் பொருத்தப்பட்டு, பின்னர் அடைக்கப்படுகிறது. யதார்த்தவாதி இங்கே ஒரு கணம் தன் பாத்திரத்தை விட்டுத் தன் வாசகரிடம் வந்துவிடுகிறார்.

அதற்கு முந்திய செயலையோ நாம் கவனியாமற் கடந்துவிடுகிறோம். கெராசிம் கண்களை மூடினான். நம்மில் ஒருவன் கண்ணை மூடினால் உலகம் காதுவழியே உள்ளே வந்துகொண்டேயிருக்கும். அந்த ஓலத்திலிருந்து நமக்குத் தப்புதலில்லை. கண்ணே காவலாளியாக, கண்ணே காதாக, கண்ணே மொழியின் வாயிலாக வாழும் ஒருவன் கண்ணை மூடுவது உலகத்தையே மூடுவதாகும். ஒரு நாள் முழுதும், ஓர் ஆயுள் முழுதும் ஓரங்களைக் காவல் காத்த கண் அது. அதனை அவன் தானாகவே அடைத்துக்கொண்டான். மீண்டும் திறந்தபோது சிற்றலைகள் முன்போலவே ஓடிக்கொண்டிருந்தன. வெகுதூரத்தில், கரையோரமாக, வட்டங்கள் விரிந்து சென்றன. ஓசையில்லை, ஆனால் அசைவு இருந்தது. முமுவின் மரணம் அவனுக்கு எட்டவேண்டிய வழியால் எட்டிற்று. துர்கனேவின் கருத்து நிசப்தத்திற் சிக்கிக்கொண்டபோதும் அவரது கூரிய அவதானம் உண்மையைப் பதிந்துவைத்துவிட்டது. எழுத்தாளனின் கொள்கையை அவனது யதார்த்தம் மீறிச் செல்லுமென்று நாம் பல இடங்களிற் கூறுகிறோம். இவ்விடத்திலும் அது மெய்யாகிறது. அதைக் காணத் தவறியவர்கள் விமர்சகராகிய நாமே.

இவ்வாறு படிப்பதால் கதையின் வர்க்க உள்ளடக்கம் குறைந்துவிடுமென அஞ்ச வேண்டியதில்லை. அது ஆழமாகிறது. எசமானி அவனது காதலையும் நாயையும் பறித்ததோடு நிற்கவில்லை. அவனுக்கென்றிருந்த ஒரே புலவாயிலைத் தன் கையாலேயே மூடிக்கொள்ளும் நிலைக்கும் அவனைத் தள்ளினாள். அவன் அன்றே கிராமத்தை நோக்கி நடந்தது அடிமைத்தனத்துக்கு எதிரான செயல். அது அக்கண்களை மீண்டும் திறந்தவனின் செயலுமாகும்.

வகுப்பறையில் இக்கதையைப் படிப்பிக்கும் ஆசிரியர் தம் மாணவரிடம் "கெராசிம் எதனைக் கேட்கவில்லை?" என்று வினவுவதை விட்டு, "கெராசிம் எதனைக் கண்டான்?" என்று வினவிப் பார்க்கட்டும். வகுப்பிற் காது கேளாத பிள்ளை ஒன்று இருக்குமாயின் வினாவோடு நின்றுவிடவும் முடியாது. கரும்பலகைக்கு முகம் கொடுத்துப் பேசுதல் அப்பிள்ளைக்கு வாயிலைச் சாத்துவது போன்றது. யன்னல் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நின்றால் ஆசிரியரின் முகம் அவனுக்கு இருளாகும். வரிசையாக அல்லாது அரைவட்டமாக இருத்தினாற் பேசும் ஒவ்வொருவரையும் அவன் காண்பான். எழுதச் சொல்லிவிட்டுப் பேசினால் இரண்டில் ஒன்றையே அவன் பெறுவான். அவன் கண் நிமிரும்வரை பொறுத்திருந்து பேசுவதற்குப் பணம் வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தன்னையொத்த பிறரோடு கூடி, தன் கைகளால் முழுமையாகப் பேசவல்ல ஒரு மொழி அவனுக்கு இளமையிலேயே கிடைக்க வேண்டும். அது சலுகையன்று, உரிமை.

ஊமை கண்ட கனவு சொல்லப்படாமற் போனதற்கு ஊமை காரணமன்று. அவன் சொல்லிக்கொண்டேயிருந்தான். பார்க்க வேண்டியவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தனர்.